கடிகாரத்துக்கு விட்ட துளை

குமிழி மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மிளகு அளவுதான். விமானத்தின் மீட்டர் பலகையில் இடது கைப்பக்கம், வேக மீட்டருக்கும் உயர மீட்டருக்கும் விட்ட துளைகளுக்கு நடுவில். விரலால் தள்ளினால் கொஞ்சம் நகர்ந்துபோய் நின்றுகொண்டு அவரையே பார்க்கிறது. ஒரு ஊசியை எடுத்துக் குத்தினால் போயிற்று, காற்று இறங்கிவிடும், மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குத்திய இடம்கூடத் தெரியாது. ஸ்டிக்கர் கடைக்காரன் ரோலைச் சுருட்டிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தான் கொடுத்தான். ஊசி சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் குழந்தைவேலு ஊசியை எடுக்கவில்லை. சூட்டுக் காற்று அடிக்கும் துப்பாக்கியைப் போட்டு, வினைல் ஸ்டிக்கரின் ஓரத்தை இளக்கி, நகத்தால் நெம்பி, மூலையிலிருந்து மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். செய்வதைச் சுத்தமாகச் செய்யவேண்டும், என்ன அவசரம், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவசரம் இருந்தது. விமானத்தை முதலில் ஓட்டிப் பார்க்கப்போகிற கேப்டன் வில்பிரட் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் சொன்னால் வருகிறவர்; வந்து, பலகையைப் பார்த்து, தலையாட்டி, என்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார். என்றைக்குப் பறப்பது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் குமிழி. பலகை முடியவில்லையே கேப்டன், குமிழி வந்துவிட்டது, புது ரோல் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐம்பத்தாறு வயது ஆள், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்கு முதலாளி, மிளகளவு காற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். நினைத்ததும் காது மடல் சுட்டது. துப்பாக்கியின் சூடு என்று வைத்துக்கொண்டார்.

மூடிய பலகைதான் அவருக்குப் பிடித்திருந்தது. இது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய சங்கதி அல்ல. வினைல் ஒட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலிலேயே வினைலில் ஓட்டை போட்டுக்கொண்டு ஒட்டினால் எங்காவது ஒரு நூல் தள்ளிப்போய்விடும். அதனால் அலுமினியப் பலகையைத் துளைகளோடு சேர்த்து ஒரே விரிப்பாக மூடி, சோப்புத் தண்ணீரை வழித்துத் தள்ளி, சூடு காட்டி, எல்லாம் பிடித்துக்கொண்டபிறகு ஒவ்வொரு துளையாகப் பிளேடால் திறக்கவேண்டும். ஆக நடுவில் ஒரு நேரம் வருகிறது, பலகையில் ஒன்றுமே இல்லாத நேரம். வேகம் இல்லை, உயரம் இல்லை, திசை இல்லை, எண்ணெயின் சூடு இல்லை. தேக்கு ரேகை ஓடும் ஒரு வழுவழுத்த பலகை, அவ்வளவுதான். பீரோக் கதவு என்று யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் கேட்பதற்கில்லை. முதல் தடவை ஒட்டி முடித்து எட்டி நின்று பார்த்தபோது அவருக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. இது எங்கும் போகாது. இதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் மேலே தூக்கிக்கொண்டு போகமுடியாது. அந்த நிம்மதி என்ன நிம்மதி என்று உடனே புரிந்துபோனதுதான் வம்பு. வருஷக்கணக்காக ராவும் பகலுமாய்க் கட்டிய விமானம் பறக்க லாயக்கில்லாமல் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் என்ன மனுஷன்? அந்த ரோலில் ஒரு சுருக்கம் இருப்பதாகக் கண்டுபிடித்து உரித்தெறிந்தார். அடுத்ததில் தூசி. இது மூன்றாவது, இதில் குமிழி. அலுமினியம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், அதை மங்கலாக்கிவிடுங்கள் என்று கேப்டன் சொன்னது உண்மைதான். அதற்கு ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் போதும், ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. தேக்கு மர டிசைன் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கியது இவர்தான். அழகுக்கு என்று எல்லோரிடமும் சொன்னார். அழகு யாருக்கு வேண்டும்.

பின்னால் விமானம் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டில் நாம் பதில் சொல்லவேண்டிய பெரியவர் பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தெரியுமே, அப்படி. பலகை இருந்த இடம் பொக்கையாக, ஒயர்கள் தொங்க, இரண்டு இருக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில். இருகூரில் இந்தக் கொட்டகைக்கு ப்ளேன்காரர் கொட்டகை என்றுதான் பெயர். பஸ்ஸில் வந்து இறங்குகிறவனுக்கு, ப்ளேன்காரரு ஊட்டுக்கு அடுத்த சந்து என்றுதான் வழி சொல்கிறார்கள். வெறும் காயில்காரராக இருந்தபோது சம்பந்தி வீட்டு விசேஷத்தில் பந்தியில் கடைசி வரிசைதான் கிடைத்தது. விமானத்துக்கு இறக்கை வந்தபிறகு மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி. அதை அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து, சுற்றிலும் ஆட்கள் சேர்ந்ததும், காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று வாழை இலையை வைத்து விளக்கினார். உள்ளூர் கேபிள் டி.வி.க்காரர்கள் வந்து மைக்கை நீட்டி, பயமா இருக்காதுங்களா என்று கேட்டபோது என்ன சொன்னார்? அதை நினைக்கக்கூடாது என்று வினைலை ஒரு இழுப்பு இழுத்தார். வினைல் இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும், சூடு ஆறினால் மறுபடி சுருங்கும், ஓரமெல்லாம் விலகும், ரொம்ப இழுக்கக்கூடாது. பயமெல்லாம் தரையில நிக்கறவனுக்குத்தானுங்க. அதைத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். டி.வி.யில் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், மனைவி ராஜாமணி பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தாள். அது போன ஆடியில். ஐப்பசிக்கு முன்னால். ஐப்பசிக்கு முன்னால் சொன்னது என்பதால் அது பொய் இல்லை என்று அவர் தனக்குத்தானே வாதாடிக்கொள்வது உண்டு. அப்போது அவருக்கே தெரியாதே. சரி, ஐப்பசிக்குப் பின்னால் யாராவது கேட்டபோது மாற்றிச் சொன்னாரா?

ஐப்பசி வேண்டாம். சோப்புத் தண்ணீர். ஸ்பிரே டப்பாவை எடுத்து உரித்த இடத்தில் பரவலாக அடித்தார், துளிகள் அலுமினியத்தில் சறுக்கி ஓடி, துளைகளின் விளிம்பில் சேர்ந்து கீழே சொட்டின. சொட்டச் சொட்ட அவர் தொடைமேல் ஈரமாயிற்று. எழுந்து வேட்டியை உதறினார். ஈரம் தொடையில் ஒட்டியதும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்போலிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டார். டக் டக் என்று விடாமல் அடிக்கிற அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி, பிறந்ததிலிருந்து கேட்பது. உட்கார்ந்து, வினைலை மறுபடி விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தார், குமிழி பழைய இடத்துக்கே வந்தது. வழித்ததும் பென்சிலை எடுத்து, திறக்கவேண்டிய துளைகளின் நடுவில் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டார். இதெல்லாம் போடாவிட்டாலும் துளை எங்கே என்று விரலுக்குத் தெரியும், தேவையில்லாத வேலை, ஆனால் வேலை. வேகத்துக்கு ஒரு குறி. உயரத்துக்கு ஒன்று. இன்ஜின் சுற்றுக்கு, எண்ணெய்க்கு, பெட்ரோலுக்கு. வலது பக்கம், பக்கத்து இருக்கைக்கு நேராக, கீழே ஒரு துளை இருந்தது. பென்சில் அங்கே போய்க் கொஞ்சம் நின்றது, குறி போடாமல் திரும்பிவிட்டது. மற்ற துளைகளுக்கு உரிய மீட்டர்கள் துணியில் சுற்றித் தட்டில் தயாராக இருந்தன. இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. இதைத் திறக்காமல் விட்டுவிட்டால், மேலே தேக்கு ரேகை சீராக ஓடுகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேப்டனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. வெறும் அலுமினியத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் துளை துளையாகவே இருந்திருக்கும். கடை கடையாக ஏறி இறங்கியது இதற்குத்தானா? இல்லை என்று தலையை ஆட்டினார், கொட்டகையில் யாரும் இல்லை.

அது ராஜாமணியின் துளை. அவளுக்கு விமானத்தை வைத்துத்தான் பொழுது தெரியும். பீளமேட்டில் இறங்கும் விமானங்கள் இவர்கள் மாடிக்கு மேலே தாழ்ந்துதான் போகும். துணி காயப்போட்டுக்கொண்டே, பதினொண்ணரை ப்ளேன் போயிருச்சு, சோறு வடிக்கோணும் என்பாள், பம்பாய்க்காரன் இன்னிக்கு லேட்டு என்பாள். கை நெற்றிக்கு மேலே போய்விடும், கண்ணை இடுக்கிக்கொண்டு அது மறையும்வரை நிற்பாள், பிழியாத துணி கையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். ஊரெல்லாம் இது குழந்தைவேலுவின் கனவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. யோசித்தால் அவருக்குக் கட்டுவதில்தான் ஆசை, இரண்டு பாகம் பொருந்தும்போது கேட்கிற அந்தச் சின்னச் சத்தத்தில்தான் ஆசை. மேலே போகவேண்டும் என்று அவர் எப்போது ஆசைப்பட்டார்? நின்று பார்த்தது அவள்தான். இறக்கைத் துணியைத் தைத்ததும் அவள்தான். விலா எலும்பு மாதிரி இருக்கும் மரச் சட்டங்களோடு துணியைச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுத் தைக்கவேண்டும். அவர் இந்தப் பக்கமிருந்து நீளமான ஊசியைக் குத்தி அனுப்புவார், அவள் அந்தப் பக்கம் வாங்கி முடிச்சிட்டுத் திருப்பி அனுப்புவாள். நடுவில் துணி, ஆள் தெரியாது, ஊசி மட்டும் போய்ப் போய் வரும். அப்படி ஒரு சாயங்காலம் துணிக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டாள், ஏனுங்க, நாம மேல போனா எத்தன நேரம் இருப்போமுங்க என்று. நாம என்றாள். அவரும் அன்றைக்குக் குஷியில் இருந்தார், உனக்குன்னு ஒரு கடியாரம் வெச்சுத் தரேன், நீயே மணி பாத்துக்க என்றார். மறுநாள் காலையில் பலகையில் துளை போட்டு, பிசிறை அரத்தால் ராவி, அவள் விரலை உள்ளே விடச் சொல்லிக் காட்டினார். அவள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அந்த விரல் இப்போது அவர் கண்ணுக்கு முன்னால் சுற்றியது. தூ என்று இருந்தது அவருக்கு.

கரண்ட் போயிற்று. தறியெல்லாம் ஒரே அடியாக நின்றது, துப்பாக்கியின் உறுமல் இழுத்துக்கொண்டே போய் அடங்கியது, கொட்டகைக்குள் வெயிலும் சோப்பு வாசனையும் மட்டும் மிஞ்சின. முதலில் வந்தது சந்தோஷம்தான்: கரண்ட் இல்லை கேப்டன், சூடு காட்டாமல் எப்படி ஒட்டுவது. அதற்குப் பின்னாலேயே, சத்தமில்லாத இடத்தில், ஐப்பசி வந்து நின்றது. உடுமலைக்குத் தெற்கே ஒரு மில்காரர் தன் தோட்டத்தில் போட்டிருந்த ஓடுதளம். கேப்டனின் சொந்த இரண்டு இருக்கை விமானம். நீங்க ஓட்டக் கத்துக்கணும்னா முதல்ல சும்மா உட்கார்ந்து பாருங்க என்று ஏற்றிக்கொண்டார். தரையில் ஓடியவரை நன்றாக இருந்தது, தரையை விட்டதுகூட நன்றாகத்தான் இருந்தது, இவர் மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார், முள் ஏறுவதைப் பார்ப்பது பட்டறையில் வோல்ட் மீட்டர் பார்ப்பதுபோல. அப்புறம் கேப்டன் திருப்பினார். இவர் பக்கத்து இறக்கை கீழே சாய்ந்தது, ஜன்னலில் வானம் இருந்த இடத்துக்குத் தென்னந்தோப்பு ஏறி வந்து நின்றது, உச்சிகளெல்லாம் இவர் முகத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு. தனக்கும் அந்த உச்சிகளுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவும் ஒரு கொக்கியும்தான் என்று தெரிந்தது. தெரிந்தது மண்டைக்கு இல்லை. கை தானாகப் போய்க் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டது, இரண்டு கையாலும், ஓட்டுகிற கையை. எறக்கி உட்ருங்க சாமி, எறக்கி உட்ருங்க. அது தன் குரல் என்று இவருக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கிடலாம், கையை மட்டும் விடுங்க என்றார் கேப்டன், குரலை உயர்த்தாமல். விடவேண்டும் என்று இவருக்கும் புரிந்தது, விரல்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான் தொடையில் சூடாக அது பரவியது.

இறங்கியதும் கேப்டன் முதலில் குதித்து, வாலில் என்னவோ பார்க்கப்போகிறவர்போல அந்தப் பக்கம் நடந்துவிட்டார். வாலில் ஒன்றும் இல்லை. இவருக்கு நேரம் கொடுத்தார். அந்த நேரத்தில் இவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும்விடக் கேவலம்: தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடிமேல் கவிழ்த்துக்கொண்டார். முழுப் பாட்டிலையும். தண்ணி பாட்டல் கவுந்துருச்சுங்க என்று சிரித்தார்கூட. வெயில்தானே, காஞ்சிடும் என்றார் கேப்டன். அதற்கப்புறம் எத்தனையோ முறை வந்துபோயிருக்கிறார், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, கண்ணால்கூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் தேவலை. ஒரு தடவை கேலி செய்திருந்தால் இவரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருப்பார். அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை. வீட்டுக்கு வந்து ராஜாமணி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பேண்ட்டை அலசிக் கொடியில் போட்டார், சோப்புக்கூடப் போட்டார், தடயம் இல்லை. அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும். ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் அந்த டி.வி. முன்னால் பெண்களை உட்காரவைத்தவள். பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்தால் இவரும் என்றாவது ஒருநாள் ஏறித்தானே ஆகவேண்டும், அவள் ஏறின விமானத்தில் இவர் ஏறாமல் எப்படி. ஏறினால் தென்னந்தோப்பு, ஜன்னல், சாமி சாமி என்று அந்தக் குரல். அவள் ஏறாவிட்டால் கேள்வியே இல்லை. கடிகாரம் இல்லாவிட்டால், அட, மறந்தே போச்சு அம்முணி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு வந்ததை இன்றைக்கு ஒரு வினைலைப் போட்டு மூடுகிறார். அவளுடைய ஆசையை எடுத்துத் தன் ஈரத் துணிமேல் போர்த்துகிறார். அப்படித்தானே? அப்படித்தான். கரண்ட் வந்தது, தறிகள் அடிக்கத் தொடங்கின, ஒரு சாக்குப் போயிற்று.

ராஜாமணி டம்ளரில் டீயோடு வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் இதையேவா தேய்ச்சிட்டு இருக்கறீங்க என்று கேட்டாள். குமிழி என்றார். அவள் குனிந்து பார்த்தாள், இடது கையால் டீயை நீட்டிக்கொண்டே வலது கை விரலால் குமிழியைத் தொட்டாள், அது நகர்ந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. நம்மூட்டு பீரோவாட்டமே இருக்குது என்றாள். உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள், புதுத் துணியைத் தடவுவதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி அந்தக் கை வருவதை அவர் டம்ளர் விளிம்புக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வலது பக்கம் வந்து, கீழே இறங்கி, நின்றது. ஒரு விரல் மட்டும் அழுத்தியது. அடியில் தகடு இல்லாத இடத்தில் வினைல் பொதுக்கென்று அமுங்கியது.

“இது என்ற கடியாரத்துக்கு உட்ட ஓட்டைதானுங்க?”

இன்னும் ஒண்ணையும் திறக்கலையே என்றார் அவர், எல்லாத்தையும் மூடித்தான் திறக்கணும், அதான் முறை. சொல்லும்போதே அவள் கண் பென்சில் குறிகளைப் பார்த்துவிட்டு வந்ததைப் பார்த்தார். மத்ததுக்கெல்லாம் குறி போட்டிருக்கறீங்க என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கடியாரம் கிடைக்கலை என்றார், நல்லதா ஒண்ணும் கிடைக்கலை. பொய் சொன்னால் அவருக்கு மூக்கு நுனி வியர்க்கும், வியர்த்தது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், எதிர் ஸ்டூலில், முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு.

“போன ஐப்பசில உடுமலைக்குப் போயிட்டு வந்து பேண்ட்ட நீங்களே அலசிக் காயப் போட்டிருந்தீங்க,” என்றாள். “கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒரு கைக்குட்டை அலசுனதில்ல. என்னமோன்னு பதறிட்டேன். அப்பறம் கேப்டன் இங்க வந்தப்ப அவரு மொகத்தையும் உங்க மொகத்தையும் பாத்தா தெரியாதுங்களா.”

அவருக்கு எழுந்து போய்விடவேண்டும்போலிருந்தது. ஐப்பசியிலிருந்து. இத்தனை மாதமாக. இவர் பந்தியில் வாழை இலையை வைத்துக் காற்றை விளக்கியபோதெல்லாம் அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து இவள் கேட்டுக்கொண்டிருந்தாள், தெரிந்துகொண்டே. ஐப்பசிக்குப் பின்னால் ஒருநாள் டி.வி.யில் அதை மறுபடி போட்டபோது எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாளே, அது அடுப்புக்காக இல்லை. முகம், கழுத்து, காதுக்குப் பின்னால் எல்லாம் எரிந்தது. தரையில் சிந்தியிருந்த சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பயமா இருக்குது அம்முணி என்றார். சொன்னது தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தார்.

“பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க,” என்றாள். குரல் ஏறவில்லை, ஆனால் உதடு கொஞ்சம் கோணியது. “அதுக்கோசரம் என்ற ஓட்டையையும் சேத்தி மூடோணுங்களா?”

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இத்தனை மாதமாகப் பாதுகாத்தது வேறு எதையோ. இவள் கண்ணில் கோழையாகிவிடக்கூடாது என்று பாதுகாத்தார், கோழை என்று அவள் எப்போதோ தெரிந்துகொண்டு, சரி என்று அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தெரிந்துகொள்ளாதது இந்தத் துளை ஒன்றுதான், அதையும் இன்றைக்கு விரலால் தெரிந்துகொண்டாள். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாலு மணி. ராஜாமணி எழுந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள், ஆனால் போகாமல் அங்கேயே நின்றாள்.

கேப்டன் வில்பிரட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார், கொட்டகைக்குக்கூட. வந்து, பலகையைப் பார்த்து, நல்லா வந்திருக்கே என்றார். குமிழியைக் கண்டுகொண்டார், ஆனால் சொல்லவில்லை, அதுதான் அவர் குணம். விமானத்தைச் சுற்றி வந்து, இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார், தையல் வரிசையின்மேல் விரலை ஓட்டினார். மீட்டர்களை மாட்டிவிட்டால் முடிந்தது, பங்குனிக்குள் வைத்துக்கொள்வோம், முதல் சில நாட்கள் நான் தனியாக ஓட்டுகிறேன் என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, பக்கத்து சீட்டுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை, உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ என்றார். மறுபடியும் அந்த மரியாதை. வாலைப் பார்க்கப் போகிற மரியாதை. குழந்தைவேலுவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிடலாம்போலிருந்தது: ஆமாங்க, பாக்கலாமுங்க, குமிழி வேற வந்துருச்சு. நாக்கு நுனிவரை வந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குப் பயமுங்க கேப்டன்,” என்றார். “அன்னிக்குப் பாட்டல் கவுழலீங்க. உங்களுக்குத் தெரியும். நான் ஏறலீங்க. அவ ஏறுவா.”

கேப்டன் இந்தத் தடவை வேறு எங்கும் போகவில்லை. அவரை நேராகப் பார்த்தார், பிறகு ராஜாமணியைப் பார்த்தார், பயமா இருக்காதாம்மா என்று கேட்டார். இறக்கை நான் தெச்சதுங்க, எனக்கென்ன பயம் என்றாள் அவள். சொல்லிவிட்டு, எத்தன நேரமுங்க மேல இருப்போம் என்று கேட்டாள். துணிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட அதே கேள்வி, அதே குரல், அதில் வருகிற நாம மட்டும் மாறியிருந்தது, இப்போது அது அவளும் கேப்டனும். அது அவர் நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. முதல் தடவைதானே, இருபது நிமிஷம் போதும் என்றார் கேப்டன்.

குழந்தைவேலு பிளேடை எடுத்தார். வேகத்தையும் உயரத்தையும் விட்டுவிட்டு வலது பக்கம் கீழே போனார். குறி இல்லை, விரல் வைத்து விளிம்பைத் தேடிக்கொண்டார், நுனியை இறக்கி, தகட்டின் ஓரத்தோடு ஒட்டியபடி ஒரு சுற்று. வெட்கம் ஒன்றும் போய்விடவில்லை, அது அப்படியே கழுத்தில் உட்கார்ந்திருந்தது, இனி எங்கும் போகாது, ஊருக்கும் சொல்லியாகவேண்டும், டீக்கடையில் முதலில். வட்டத் துண்டு சின்ன அப்பளம் மாதிரி உள்ளே விழுந்தது. துளை வழியாக மேஜையின் மரம் தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது, இவள் அப்பா. வாரை உருவிவிட்டுத் துளையில் வைத்துப் பார்த்தார், சிறிதாக இருந்தது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் கொடுத்தால் நிற்கும். ராஜாமணி குனிந்து, முள் தெரிகிறதா என்று பார்த்தாள், கண்ணை இடுக்கிக்கொண்டு. தெரிகிறது என்றாள். அவர் வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார், வார் இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. அவள் பறக்கப்போகிற அன்றைக்கு ஓடுதள ஓரத்தில் நின்று இந்தக் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இருபது நிமிஷம் ஆயிற்றா இல்லையா என்று மேலே அவளுக்குத் தெரியும். கீழே அவருக்குத் தெரியாது.